சைக்கிள் சுற்றிக் கேட்ட படம்

மன்னார் மண்டபத்தில் அந்தப் பழைய சிரிப்புப் படத்தை இசை நாடகமாகப் போட்டார்கள். ஊர் ஊராக அலைந்து களைத்து வந்திருந்த என்னைத் தங்கச்சிதான் கூட்டிப்போனாள். தூங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். திருடன் வீட்டுக்காரனிடமே வழி கேட்கும் இடம் வந்தது. நடிகர் அந்தக் கேள்வியைப் பாட்டாக்கி, குரலைத் தாழ்த்தி இழுத்தார். என் தூக்கம் போய்விட்டது.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊரான தோட்டவெளியில் கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் கசெட் ரேடியோ பாடும். கை தளர்ந்தால் குரல் இழுபடும். எங்களிடம் இருந்தது அந்தப் படத்தின் வசனக் கசெட் ஒன்றுதான். படத்தைப் பார்த்ததே இல்லை.

அம்மா காய்ச்சலில் செத்த மாரிக்காலம் அது. அப்பா விறகு வெட்டிவிட்டு வந்து, சோறு வடித்துத் தந்து, பிறகு சைக்கிள் சுற்றுவார். அம்மா போனபின் சிரிக்காத அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

ஒரு நாள் திருடன் வழி கேட்டபோது குரல் இழுபட்டது.

"கசெட் சிக்கிட்டுதோ அப்பா?" என்றாள் தங்கச்சி.

"இல்லைப் பிள்ளை, கை ஓடேல்லை."

விளக்கு வெளிச்சத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்; அதில்தான் கை தளர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் நாங்களும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அந்த இடத்துக்காகக் காத்திருப்போம். சில நாள் குரல் இழுபடும். பல நாள் நேராகவே போய்விடும். அந்த நாட்களில் அப்படியே படுத்துவிடுவோம்.

நடிகர் இழுத்த குரலுக்கு மண்டபத்தில் சனம் கைதட்டியது. தங்கச்சி மேடையைப் பார்க்கவில்லை.

"அண்ணா, அப்பா சிரிச்சிட்டார், என்ன?" என்றாள்.