சுகுணா வரைந்த காவடி

கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், வெயிலுக்காக ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட கோணிச் சாக்கின் வாடையும் சார் காலையில் ஏற்றிய கற்பூரத்தின் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறும்; மானிட்டருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்த்து நிற்கும். திருத்தணி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மாடியில் இருந்த அந்த அறையில்தான், எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், நான் அனிமேஷன் கற்றுக்கொண்டேன். இன்று சென்னையில் எனக்குச் சோறு போடுவது அந்தத் தொழில்தான் என்பதால் பெருமையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெருமை வரமாட்டேன் என்கிறது.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்று சார் "ஜோடி" பிரித்துவிட்டார். தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மகளான எனக்கு ஜோடியாக வந்தவள் சுகுணா. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா, அவள் வாயில் "நைனா", பவர்லூம் ஓட்டுகிறவர். ஒரு மாதத்துக்குத்தான் அவளை அனுப்பியிருந்தார். "நீ செய்றத என் கண்ணால பாக்கணும், அப்பால மேல படிக்கிறதப் பத்திப் பேசு" என்பது அவர் பேச்சு. அவருக்குப் பிடிக்காவிட்டால், மீதி விடுமுறையெல்லாம் தறிக்கு நூல் சுற்ற வேண்டியதுதான்.

சார் லேயரை விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "ஒவ்வொரு லேயரும் ஒரு கண்ணாடி பேப்பருன்னு வச்சிக்கோங்க. கீழ இருக்கிறதுல மலை, மேல இருக்கிறதுல மனுஷன். இவன நகத்துனா அது நகராது." மோஷன் அதைவிடச் சுலபம்: ஆளை முதலில் ஓரிடத்திலும் கடைசியில் ஓரிடத்திலும் நிறுத்தி, போகிற வழிக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், நடுவில் இருக்கும் பயணத்தை மிஷினே பார்த்துக்கொள்ளும்.

மாதக் கடைசியில் பெற்றோருக்குக் காட்ட நாங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் மலையைத்தான்; திருத்தணியில் வேறு எதை வரைவது? மலை, படிகள், மேகம் எல்லாம் என் லேயர்கள். படியேறும் காவடிக்காரர் சுகுணாவின் லேயர். போன ஆடிக் கிருத்திகைக்கு நேர்ந்துகொண்ட காவடியை, முழங்காலில் அடிபட்டதால் அவள் நைனாவால் எடுக்க முடியாமல் போயிருந்தது. அந்தக் குறை வீட்டில் எல்லோரையும் அரித்துக்கொண்டிருந்தது. "எங்க நைனா ஏறாத காவடிய நான் ஏத்திடுறேன் பாரு" என்று அவருடைய மீசை, மஞ்சள் வேட்டி, மயிலிறகு என ஒவ்வொன்றாக வரைந்து, படிக்குப் படி கோட்டை வளைத்து, மூன்று வாரம் மௌஸை என் கைக்கே தராமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஏறினார். ஒவ்வொரு படியிலும் காவடி லேசாக ஆடியது. என் மேகம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்.

சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பேட்டப் பொண்ணு பின்றா பாரு. டவுன்ல இருந்துகினு நீ மேகத்த ஓட்டிகினு இரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடமாக அதைச் "சின்னப்புள்ளத்தனம்" என்று எனக்கு நானே சொல்லிவந்தேன், அது பொறாமைதான்.

கடைசி நாள், நைனாவைக் கூட்டிவர சுகுணா பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் போனாள். லேயர் பட்டியலின் உச்சியில் ஒரு கண் படம் இருக்கும். அதற்கு நேர் கீழே, ஒரு லேயரின் வரிசையில் இருக்கும் புள்ளியைத் தட்டினால் அந்த லேயர் மறைந்துவிடும், ஆனால் அழியாது. காவடி லேயரின் புள்ளியைத் தட்டினேன். அவள் முகம் ஒரு நிமிஷம் வாடட்டும், பிறகு நானே சரிசெய்து பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவள் நைனா ஒரு காலை இழுத்தபடி மாடியேறி வந்தார். திரையில் மலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சார் பட்டனைத் தட்டினார். மேகம் போனது. படிகள் காலியாகவே இருந்தன.

"காவடி எங்கம்மா?"

"இருந்துச்சி நைனா. நேத்துகூட ஏறுச்சி."

சுகுணா மௌஸைப் பிடித்து எங்கெங்கோ தட்டினாள். பதற்றத்தில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. பின்னால் மற்ற பெற்றோர் காத்திருந்ததால், "சேவ் பண்ணாம உட்டிருக்கும், அப்பறம் பாக்கலாம்" என்று சார் அடுத்த கம்ப்யூட்டருக்கு நகர்ந்துவிட்டார்.

நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். "ரெண்டாவது தபாவும் ஏறல. முருகரு நம்ம காவடிய வாணான்றாரு. இந்தப் படிப்பே நமக்கு வாணாம்மா, வா" என்றார். ஒரே ஒரு தட்டில் காவடி வந்திருக்கும். ஆனால் அவர் வாயில் சாமி பெயர் வந்த பிறகு, நான் செய்தது விளையாட்டாக இல்லாமல் சாமிக் குற்றமாகிவிட்டது. பயத்தில், வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் போல நின்றேன். இருவரும் இறங்கிப் போனார்கள். அடுத்த மாத வகுப்புக்கு அவள் வரவில்லை.

இப்போது அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அந்த சாஃப்ட்வேரை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. அதில் செய்த எங்கள் மலை பதிந்த சிடி என்னிடம் இருந்தும், என் கம்ப்யூட்டரில் அதைத் திறக்க வழியில்லை.

போன மாதம் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில் சுகுணாதான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். பக்கத்தில் பத்தாவது முடித்த மகள். நைனா இறந்துவிட்டார் என்றாள். அவர் கடைசிவரை காவடி எடுக்கவேயில்லையாம்.

"இது கம்ப்யூட்டர் குரூப்பு வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. நமக்கு அதெல்லாம் ராசியில்லன்னு சொல்லிகினு இருக்கேன். அன்னிக்கு சேவ் பண்ணத் தெரியாம நைனா காவடிய நான் அழிச்சேனே, உனக்கு ஞாபகம் இருக்குதில்ல? நீயே சொல்லேன் இவகிட்ட."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். "கம்ப்யூட்டரே எடும்மா, நல்லா வரும்" என்று மட்டும் சொன்னேன்.

"உனக்கின்னா, நீ சொல்லுவ. எனக்கு பயமா இருக்குது" என்றாள் சுகுணா.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பயம் அந்த பிளாட்பாரத்திலேயே போயிருக்கும். கூடவே என்மேல் அவள் வைத்திருந்த மரியாதையும் போயிருக்கும். நான் மரியாதையோடு ரயிலேறிச் சென்னை வந்து சேர்ந்தேன்.