ஒரு சாண் பிளெக்ஸ்

சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்ததும், வீட்டிலிருந்தே வரைந்து தருகிறேன் என்று தஞ்சாவூர் இன்ஜினியர் ஒருவரிடம் கெஞ்சினேன். "ஒரு வீட்டு பிளான் தர்றேன், சாயங்காலத்துக்குள்ள முடிச்சு அனுப்புங்க. சரியா இருந்தா பாப்போம்" என்றார். பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரை விட்டு மறுபடியும் ஹாஸ்டல் சாம்பாருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

காலை வாரியது மேசை. அப்பா ஆசையாக வாங்கிப் போட்ட கண்ணாடி மேசை. அதன்மேல் மவுஸ் நகரவே மாட்டேன் என்றது, நகர்ந்தால் தாவியது. படுக்கையறைச் சுவர் சமையலறைக்குள் போய் நின்றது. செய்தித்தாளை விரித்தேன், சுருண்டது. காலண்டர் அட்டையை எடுத்தேன். முன்பக்கம் வழவழப்புதான், ஆனால் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். திருப்பினால் சொரசொரப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். கொள்முதல் நிலையத்தில் குவித்திருந்த எங்கள் நெல்லை மழைக்கு மூட, பழைய பிளெக்ஸ் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். எனக்குத் தெரியாதா அந்த பேனரை! என் சடங்குக்கு பஸ் ஸ்டாப்பில் கட்டியது. நடுவில் பவுடர் அப்பிய என் முகம், கீழே வரிசையாக மாமா, சித்தப்பா, ஓரத்தில் அப்பா. அன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அது நெல் மூடப் போனபோது, என் முகம் வெளியே தெரியக் கூடாது என்று சண்டை போட்டேன். அதிலிருந்து அப்பா கவிழ்த்துத்தான் விரிப்பார்.

"இது வழவழன்னு இருக்குமே, ஆவுமா பாரு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நடுவுல வெட்டுங்கப்பா. அந்த மூஞ்சி ஒழியட்டும்."

"புள்ள முகத்துல யாராச்சும் அருவா வைப்பாங்களா?" என்றவர், மூலையில் இருந்த தன் படத்தை ஒரு சாண் அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். "இது தேஞ்சா தேஞ்சிட்டுப் போவுது."

அப்பாவின் கறுப்பு மீசைமேல் மவுஸ் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. திருப்பிப் போட்டேன். பின்பக்கமும் சோடை போகவில்லை.

பிளானை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் கூப்பிட்டார். "நல்லா வந்திருக்கு. அடுத்ததையும் அங்கேருந்தே பண்ணுங்க."

கொள்முதல் நிலையத்துக்கு ஓடினேன். மேகம் கறுத்திருந்தது. அப்பா வழக்கம்போல் பேனரைக் கவிழ்த்து விரித்துக்கொண்டிருந்தார். வெட்டிய மூலைக்கு ஓர் உரச்சாக்கைப் போட்டிருந்தார்.

"இங்கேயே இருந்து வேலை பாக்கலாமாம்ப்பா!"

அவர் சிரித்த சிரிப்பில் மற்ற குவியல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"திருப்புங்கப்பா."

"எதுக்கும்மா? முகம் தெரியுமே."

"தெரியட்டும்."

இருவருமாகத் திருப்பிப் போட்டோம். பவுடர் முகத்தோடு நான் எங்கள் நெல்லின்மேல் கிடக்க, தூறல் ஆரம்பித்தது. அப்பா முதல் வேலையாகத் தன் துண்டால் என் கன்னத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார்.