கேமராவுக்கு வைத்த பொட்டு

பைக் கண்ணாடியில் நீங்கள் பின்னால் வரும் லாரியைப் பார்ப்பீர்கள். அந்தக் கண்ணாடியைத் தேய்த்து வடிவம் கொடுக்கும் நாங்கள் ஓரத்தில் சில்லு போயிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நின்று கால் கடுத்தவர்கள் எல்லோரும் நம்ம கட்சி.

எதிர்ச் சக்கரம்

ஓசூர் பேக்டரியில் எனக்கும் ரத்னம்மாக்காவுக்கும் எதிரெதிரே தேய்ப்புச் சக்கரம். எனக்கு ஊர் கல்லாவி, அக்காவுக்குச் சூளகிரி. தண்ணீர் தெறிக்கும், சக்கரம் இரையும், அதற்கு மேல் கத்தித்தான் பேசுவோம். அக்கா மகள் கல்யாணத்தைப் பெண் பார்த்ததிலிருந்து பந்தி வரை எனக்கு அப்படித்தான் சொல்லி முடித்தார். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார். "நீங்க ரெண்டு பேரும் வாய மூடுனாத்தாம்மா மிஷின் ஓடுதா இல்லையான்னே எனக்குத் தெரியும்."

ஒற்றைக் கை

பிறகு ரோபோ வந்தது. ஒரே கை. கண்ணாடியை உறிஞ்சி எடுத்து, சக்கரத்தில் தேய்த்து, கறை, சில்லு பார்க்கும் கேமராவிடம் காட்டிவிட்டு அடுக்கும். கூட ஒரு ஆள் நின்றால் போதும். ட்ரயல் தேறினால் எனக்குக் காலை ஷிப்ட், அக்காவுக்கு மதிய ஷிப்ட். தேறாவிட்டால் பழையபடி எதிரெதிரே. தேறக் கூடாதென்று நான் வேண்டாத சாமி இல்லை. அக்கா ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம் செல்வி, இதுக்குப் பேச்சுத் துணைக்குக் கூட ஆளில்ல."

பூஜை முடிந்த பிறகு

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தது அக்காதான். ரோபோவையும் விடவில்லை. லீவு முடிந்து திறந்த அன்றே ட்ரயல். கண்ணாடி வாங்கும் கம்பெனி ஆள் கைகட்டி நிற்க, ரோபோ தேய்த்த ஒவ்வொன்றையும் 'கறை' என்று தானே ஒதுக்கியது. பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் லேப்டாப்பைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அக்கா மட்டும் கேமராவைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அதன் லென்ஸ் மேல் அவர் வைத்த பொட்டு. முந்தானையால் துடைத்துவிட்டார். அடுத்த கண்ணாடியே பாஸ். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்முனு இருந்திருக்கலாமே அக்கா என்றேன். "பூசை போட்டுட்டு அது தோக்கட்டும்னு நிக்கறதா? பொட்டு வெச்ச கையி இது, செல்வி."

இப்போது உடைசல் குறைந்துவிட்டது, பேச்சுதான் மிஞ்சிக் கிடக்கிறது. ஷிப்ட் மாறும்போது வாசலில் நின்று அக்கா பேத்தியின் காதுகுத்து வரை பேசி முடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் இன்றைய டார்கெட்.