தலை சுற்றினால் சந்தோஷம்

காதில் தண்ணீர் விட்டு, வந்தவருக்குத் தலை சுற்றினால் சந்தோஷப்படுகிற பிழைப்பு எங்களுடையது. ஆபீஸில் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவர்களே, நீங்களாவது என் கஷ்டத்தைக் கேளுங்கள். திடீரென்று காது போய், செகந்திராபாத்தில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: திரும்பக் கேட்குமா? உள்காதில், கேட்கிற பாகத்துக்குப் பக்கத்திலேயே நாம் தடுமாறாமல் நிற்க உதவுகிற பாகமும் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் தலை சுற்றி, கண் தானாக ஓடினால் அந்தப் பாகம் உயிரோடு இருக்கிறது, காதும் திரும்ப வாய்ப்பு அதிகம். சுற்றாவிட்டால்தான் கவலை. இதை யாருக்குப் புரியவைப்பது?

போலாரம் வீரர்

ஒரு ரிட்டயர்டு சுபேதார். வேலூர்க்காரர், பட்டாளத்தோடு வந்து இங்கே போலாரத்திலேயே தங்கிவிட்டவர். தலை சுற்றினால் ஃபெயில் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டு வந்து படுத்தார். தண்ணீர் உள்ளே போனதும் கண் தறிகெட்டு ஓடுகிறது. இரண்டு கையும் கட்டில் கம்பியை விடவில்லை. "சுத்துதா சார்?" என்றேன்.

"எனக்கா? நக்கோம்மா, இல்லவே இல்ல. நான் ஸ்டெடியா இருக்கேன். இந்த ரூமை மட்டும் யாரையாவது பிடிச்சு நிறுத்தச் சொல்லு."

செந்திலின் மெனு

செந்தில் மதுரைக்காரர், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது போய்விட்டது. வலது காதை வைத்தே காலம் தள்ளியவருக்கு, ஒருநாள் காலையில் அதுவும் அடைத்துக்கொண்டது. மனைவி வித்யா கைக்குழந்தையோடு கூட வந்தாள். "பிள்ளை அழுறதுகூடக் கேக்கலை மேடம்" என்றார் செந்தில்.

சோதனை நடக்கும்போது கண் சொருகாமல் இருக்க, வந்தவரைப் பேசவைப்பது எங்கள் வழக்கம். 'பிடித்த சாப்பாட்டின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருங்கள்' என்று எழுதிக் காட்டிவிட்டு, அவர் கண்ணுக்கு, உள்ளே கேமரா வைத்த கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். ஆரம்பித்தார் பாருங்கள், கிளினிக்கே அதிர. அம்மா வைக்கிற அயிரை மீன் குழம்பு, அம்மா வறுக்கிற சுக்கா, அம்மா சுடுகிற பணியாரம். "போதும் செந்தில்" என்றால் காதில் விழுந்தால்தானே. தலை சுற்றி வாந்தி வருகிறவரை வித்யாவின் சமையலில் ஒரு ஐட்டம்கூட வரவில்லை. கண் நன்றாக ஓடிய சந்தோஷம் எனக்கு. "உறுதியாச் சொல்ல முடியாது வித்யா, ஆனா நம்பலாம்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"வரட்டும் மேடம். இந்த மெனுவுக்கு ஒரு பதில் வச்சிருக்கேன். அதைக் கேக்கறதுக்காவது அவருக்குக் காது வரணும்."

வித்யாவின் பதில்

மருந்தெல்லாம் முடிந்து, மூவரும் மறுபடி வந்தார்கள். இரண்டு நாளாக ஏதோ கேட்கிற மாதிரி இருக்கிறது, நிஜமா பிரமையா தெரியவில்லை என்றார் செந்தில். நான் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற மெஷினின் ஹெட்ஃபோனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற வித்யா, தனக்குத்தானே பேசுகிற குரலில், "உங்கம்மா மீன் குழம்புல உப்பே இருக்காது" என்றாள்.

செந்தில் வெடுக்கென்று திரும்பி, "எங்கம்மா குழம்பையா சொல்றே?" என்றார். வித்யா குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் மெஷினை ஆன் பண்ணவே இல்லை.

"கேட்டுடுச்சு மேடம். இனிமே எவ்வளவு வேணாலும் சண்டை போடட்டும்."

காது திரும்புமா என்று சொல்லத்தான் எங்களுக்கு இவ்வளவு பெரிய மெஷின் வேண்டியிருக்கிறது. திரும்பிவிட்டதா என்று பார்க்க மாமியார் வைத்த குழம்பே போதும்.