கழுவாத கூடை

முப்பிடாதி தன் வாசற்படியைத் தேய்த்துக் கழுவி முடித்த கையோடு பக்கத்து வீட்டுப் படிக்கும் ஒரு வாளித் தண்ணீரை வீசுவாள். யாரும் கேட்டுச் செய்வதில்லை. அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் முன்னால் நிற்பவர் சட்டையில் சுண்ணாம்புக் கறை தெரிந்தால், அவர் ஆபீசரா மூட்டை தூக்குபவரா என்று பார்க்க மாட்டாள். முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. திரும்பி முறைப்பவரிடம், "அழுக்கு ஒட்டியிருந்துச்சு சேட்டா, இப்பப் போயிட்டு" என்பாள், ஏதோ அவரே கேட்டுக்கொண்டதுபோல.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவள். மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமந்த அவன் நெஞ்சு வலியில் போய்ச்சேர்ந்த பிறகு, காயலில் கக்கா அள்ளும் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். கக்கா என்பது சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி. இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவிக் கூடையில் வாரி, வள்ளத்தில் கொட்ட வேண்டும். மற்றவர்கள் கரை சேர்ந்ததும் அவித்து விற்றுவிடுவார்கள். இவள் தெளிந்த உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது மண்ணையெல்லாம் துப்பும்வரை காத்திருப்பாள். அவளிடம் வாங்கிய கக்காவில் மண் கடித்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். முப்பிடாதிக்கு நிஜமாகவே போட்டது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், மழை ஓயும் சமயத்தில், எண்ணெய்க் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே மணல்திட்டில் தட்டி அடிவயிறு கிழிந்தது. கடலேற்றத்தோடு எண்ணெய் காயலுக்குள் வந்தது. முதல் நாள் மீன்செதில்போல மினுங்கியது, பிறகு கறுத்துத் தடித்தது. வெலிங்டன் தீவுக் கரையிலிருந்து இந்தப் பக்கம்வரை கக்காக்கள் வாயைப் பிளந்து செத்துக் கிடந்தன. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. தண்ணீரில் இறங்கிய பெண்களுக்குக் காலெல்லாம் புண். தப்பிப் பிழைத்த கக்காவிலும் எண்ணெய் வாடை அடித்ததால் சந்தையில் சீந்துவாரில்லை. கப்பலோ தன்னைச் சரிபார்த்துக்கொண்டு போயேபோய்விட்டது.

பெண்கள் சேர்ந்து கப்பல்காரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்து வக்கீல் ராமபத்ரன், பீஸ் வேண்டாமென்று வாதாட வந்தார். கரையை நேரில் பார்த்து எழுதித் தர கோர்ட்டார் ஒரு கமிஷனரை அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அவரை அழைத்துவர எர்ணாகுளம் போனார்.

அவர் திரும்புவதற்குள் நடந்ததை இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை. பெரிய மனுஷர் வருகிறார் என்று முப்பிடாதி எல்லாப் பெண்களையும் கூட்டினாள். மண்ணெண்ணெய் ஊற்றி வள்ளங்களைத் துடைத்தார்கள். கூடைகளைச் சோப்புப் போட்டு அலசினார்கள். படித்துறைக் கற்களைச் சாம்பலும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்தார்கள். அவளுடைய கூடை ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தும் எண்ணெய்க் கறை விடவில்லை. வருகிறவர் கண்ணில் படவேண்டாமென்று அதை அடுப்புக்கு மேல் பரணில் ஒளித்துவைத்தாள். கமிஷனர் வந்து, கழுவித் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, எலுமிச்சைச் சாறு குடித்தார். இவ்வளவு சுத்தமான கரையைத் தான் பார்த்ததில்லை என்று மெச்சினார். பாவம், நேர்மையான மனிதர். அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார்.

ராமபத்ரன் தலையில் கைவைத்துக்கொண்டு படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க அலம்பினது வள்ளத்தை இல்லை முப்பிடாதி. கேஸையாக்கும் அலம்பியிருக்கேள்."

"வீடு தேடி வாற மனுசரை அழுக்குலயா உக்கார வைக்க முடியும், சாமி?"

 அவளோடு ஒரே வள்ளத்தில் போய்வந்த மூக்கம்மாள் சண்டை எதுவும் போடவில்லை. மறுநாள் தன் கூடையை எடுத்துக்கொண்டு வேறு வள்ளத்தில் ஏறினாள், அன்றோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். திட்டித் தீர்த்திருந்தால் ஆறியிருக்கும். அந்த மௌனம் முப்பிடாதியை இன்றுவரை அறுக்கிறது. இத்தனை பெண்களின் நியாயத்தையும் தன் கையாலேயே கழுவி விட்டுவிட்டோமே என்ற துக்கம் அவளுக்குத் தீரவில்லை.

பரணில் ஒளித்த கூடையைப் பற்றி அழுகையினூடே அவள் சொன்னபோதுதான் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் கேட்கிறவரை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார். அதிலிருந்து, முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கும் அந்த வீட்டின் சுவரில், கறுத்த கூடை ஒன்று தொங்குகிறது. "பொங்கலுக்கு எல்லாத்தையும் இறக்கிக் கழுவுதேன். இதைப் பாத்தா மட்டும் உடம்பே அரிக்கி" என்பாள். கை அதன் பக்கம் போகும், பாதியில் திரும்பும்.

வாய்தாமேல் வாய்தாவாக வருஷங்கள் ஓடின. ஒருவழியாகச் சென்ற மாதம் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூடையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகேறினாள். அதே படகின் மறுகோடியில் மூக்கம்மாளும் இருந்தாள்.

கப்பல்காரர்களின் வக்கீல் வெள்ளைவெளேரென்ற கழுத்துப்பட்டியோடு எழுந்தார். அவளே சொன்னபடி அடுப்புக்கு மேல் கிடந்த கூடையில் கரி படியாமல் என்ன செய்யும், இது வெறும் அடுப்புக்கரி என்றார். உதிர்த்துக் காட்டுவதற்காக விரலால் அழுத்தித் தேய்த்தார். உதிரவில்லை. ஒட்டியது. கட்டைவிரலால் வழித்தார், அதிலும் பரவியது. கைக்குட்டையால் துடைக்க, கைக்குட்டையும் பாழானது. முன்வரிசைவரை அந்தப் பழைய வாடை எழுந்தது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தார்.

கூண்டில் நின்ற முப்பிடாதியின் கை, பழக்கதோஷத்தில், முந்தானையைப் பிடித்து முன்னால் நீட்டிவிட்டது. ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள். பின்வரிசையில் மூக்கம்மாள் பாதி எழுந்து நின்றாள். முப்பிடாதி நின்றாள். நீட்டிய முந்தானையை மெல்ல இழுத்துச் சுருட்டி, இரண்டு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தக் கறுப்பு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.