ராகு காலத்தில் ஒன்பது ஐந்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் ஒன்றுக்கு வருகைப்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சி மொழியில் நேரம் கேட்பது ஒரு வரி வேலை. டைம் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து நொடிக்கணக்கில் ஓர் எண்ணைத் தரும்; லோக்கல்டைம் அதை மணி, நிமிடமாகப் பிரிக்கும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

சோதனைக்கு மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் ஒவ்வொருத்தி பெயரையும் அடிக்க, புரோகிராம் அவள் வந்த நேரத்தைப் பதியும்; எட்டரைக்குள் வந்துவிட வேண்டும். மூன்று வாரமாகத் திங்கட்கிழமைகளில் மட்டும் அத்தனை பேருமே தாமதம் என்று அச்சாகி வந்தது.

"ஞாயித்துக்கெழம ஊட்டுல கெடந்துட்டு ஆடி அசைஞ்சு வர்றாளுங்க. இன்னொரு திங்கக்கெழம இப்பிடி வந்தா எல்லாத்தையும் வேலய உட்டு நிறுத்திப்போடுவேன்" என்றார் முதலாளி.

"மொத பஸ்ஸுலயே வந்துட்டமுங்க" என்று அவர்களில் மூத்தவள் கெஞ்சினாள். முதலாளி பிரிண்டரைத்தான் நம்பினார். புரோகிராமை வரி வரியாகத் துருவியும் ஒரு பிழைகூட அகப்படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எட்டு மணிக்கே ஆபீசில் ரைட்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாசலில் பனியில் நடுங்கியபடி அந்தப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அது பேட்டரி செத்துப்போன பழைய கம்ப்யூட்டர். போடும்போதெல்லாம் மணி என்னவென்று கேட்கும். ரைட்டர் திரையில் முதலாளி வைத்திருந்த சந்தனப்பொட்டைக் கும்பிட்டுவிட்டு, ஒன்பது ஐந்து என்று அடித்தார்.

"என்னங்க பண்றீங்க?" கத்தியேவிட்டேன்.

"ஏனுங்க, திங்கக்கெழமைக்கு இப்ப ராகு காலமுங்க. ஒம்பது வரைக்கும் எதையுந் தொடங்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. அதான் நல்ல நேரமாப் போட்டுத் தொடங்கறனுங்க. சரியான மணி உள்ளார மெசினுக்குத் தெரியாதுங்களா?"

பிள்ளையார் சுழி போடுவதுபோல அவர் போட்டதை என் புரோகிராம் அப்படியே நம்பியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டை உடைத்திருப்பேன். அந்த நேரம் முதலாளி உள்ளே நுழைந்தார். எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேராகக் கொட்டினேன். அவர் சந்தனப்பொட்டைப் பார்த்துக் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

வாசலிலிருந்து மூத்தவள் கேட்டாள்: "ஏனுங்க மொதலாளி, ராகு காலத்துக்குப் பயந்தது நீங்க. வேல போறது எங்களுக்குங்களா?"

முதலாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டேகால்னு மாத்திப் போடுங்க" என்றார் ரைட்டரிடம்.