திருப்பி வைத்த கொழுந்து

போன வாரம் கொட்டகலைக்குப் போகும் பஸ் தேயிலைக் கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எல்லோரும் லொறிக்காரனைத் திட்ட, நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை வாசம் பட்டால் போதும், நான் இயக்கிய ஒரே குறும்படம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆமாம், நானும் ஒரு டைரக்டர்தான், சிரிக்காதீர்கள்!

கேமராமேன் சந்திரன், ஹட்டனில் கல்யாண வீடியோ எடுப்பவன். அழுகிற காட்சியிலும் வாய் தவறி, "கொஞ்சம் சிரிங்க" என்பான். கதாநாயகி மகேஸ்வரி அக்கா, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர், தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர். துணை நடிகைகள் அவருடைய கூட்டாளிகள். ஞாயிறு ஒருநாள்தான் மலை எங்களுக்கு. திங்கள் விடிந்தால் அங்கே வேலை தொடங்கிவிடும், கேமராவும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விடும்.

கடைசிக் காட்சி இதுதான்: மகளுக்குக் கேம்பஸில் படிக்க இடம் கிடைத்த செய்தி கேட்டதும், கொழுந்து எடுக்கும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட வேண்டும். நான் பெரிய மேதை மாதிரி சந்திரனோடு கேமரா கோணத்துக்குச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினால், ஐயோ! செடிகளில் கொழுந்தே இல்லை. கூடைகளில்தான் இருந்தது.

"என்னக்கா இது?"

"நீ சும்மா நிக்கச் சொல்லிட்டுப் போயிட்ட தம்பி. கை சும்மா நிக்க மாட்டேங்குதே!"

படம் அவ்வளவுதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"ஏய், கூடையக் கவுத்துங்கடி! எடுத்ததத் திருப்பி வைப்போம்."

கேமராவுக்குத் தெரிகிற செடிகளில், இலைகளுக்கு நடுவே ஒவ்வொரு கொழுந்தாகச் செருகினார்கள். சந்திரனும் செருகினான். "வேலைய மேய்க்கிற கண்டாக்கையா பாத்தா நமக்குப் பைத்தியம்னு சொல்லிருவாரு!" என்று ஒருத்தி சொல்ல, மலையே சிரித்தது.

"வாடுறதுக்குள்ள எடு தம்பி!"

எடுத்தோம். அக்காவின் கை நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயில் முன்னால் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டபோது, அந்தக் காட்சியில் அம்மாவை யார் பார்த்தார்கள்? "அது நான் வச்சது!" "போடி, அது என்னோடது!" என்று ஒரே சண்டை. விருது, கிருது எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தச் சண்டை தந்த சந்தோஷத்தைத் தந்திருக்காது. அந்தப் பெண்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

இன்று அந்த மலையைக் கைவிட்டுவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு மானாப்புல். செருகியவர்களில் பாதிப் பேர் கொழும்பில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள். அங்கே தேயிலை இருந்தது என்று காட்ட என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு காட்சிதான். அதில் தெரிகிற கொழுந்தும் அவர்கள் கையால் வைத்தது.